இருபத்திரண்டு ஏற்றங்கள்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள் சார். ஏழாவது படி உங்கள் முட்டியில் இடிக்கிறது. தப்பு, முதல் படி. ஏணியை எப்போதும் கீழேயிருந்துதான் எண்ண வேண்டும். நான் தலைப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் தடுமாறிவிட்டேன்.

என் தலை ஏன் ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். கண்டக்டர் உத்தரவு. "பெரியவரே, யார் கண்ணுலயும் குத்தாம வச்சுக்கிறதா இருந்தா ஏறுங்க" என்றார். டவுன் பஸ்ஸில் ஏழடி ஏணியை யார் கண்ணிலும் குத்தாமல் வைக்க ஒரே வழிதான் உண்டு. மூன்று வழி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை சார். இந்த வருஷத்தில் பஸ்ஸில் பேசுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒருவர் என் காலை மிதித்துவிட்டார், அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இன்றைக்குப் பேசாமல் இருந்தால் எட்டாவது ஸ்டாப் வரைக்கும் நெஞ்சு தாங்காது.

முன்னால் பாருங்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது சீட். அரக்குப் புடவை, மடியில் ஜிப் வைத்த பை. அதுதான் என் வீட்டுக்காரி, தையல்நாயகி. போதும், திரும்பிவிடுங்கள். அவளுக்கு முதுகில் கண் உண்டு. அது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் சின்னேரிப்பட்டி. அரியலூரிலிருந்து பதினோராவது ஸ்டாப். எட்டாவது ஸ்டாப் ஆலத்திமேடு. அங்கே அவளுடைய அக்கா வாலாம்பாள் இருக்கிறாள். தையல்நாயகி எட்டில் இறங்குவாளா, பதினொன்றில் இறங்குவாளா, இதுதான் இப்போது கேள்வி. டிக்கெட்டைப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் முன்னாலேயே கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டார். ஒரு டிக்கெட்டாவது புருஷன் எடுக்கிற மாதிரி வைத்திருக்கலாம்.

இப்போது ஒரு ஸ்டாப் தாண்டியிருக்கிறது. ஏழு இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நான் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவன். பெயர் அய்யாக்கண்ணு. எட்டாவது வரை படிப்பு. முப்பத்தோரு வருஷம் வேலை. தொட்டிக்கு எண்பத்துநாலு படி இரும்பு ஏணி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறித் தண்ணீர் மட்டம் பார்ப்பேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழுந்திருந்தால் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு மூங்கில் ஏணியில், ஒன்பது படிதான், முருங்கைக்காய் பறிக்க ஏறி நாலாவது படியிலிருந்து விழுந்தேன். எண்பத்துநாலு எங்கே, நாலு எங்கே! குதிகால் எலும்பு விட்டுப்போய் நாற்பத்திரண்டு நாள் மாவுக்கட்டு. அந்த நாற்பத்திரண்டு நாளும் தையல்நாயகிதான் எல்லாம் பார்த்தாள். கட்டைப் பிரித்த அன்று சாமி முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினாள். "இனிமே நம்ம வீட்டு ஏணியில கால் வைக்க மாட்டேன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். "மீறி ஏறினீங்க, நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க இறங்கினாலும் நான் வரமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள் சார். ஒரு தடவை நான் ரசத்தில் உப்பு அரைக் கல் கூட என்று சொன்னதற்கு, ஒன்பது நாள் உப்பே போடவில்லை.

ஆனாலும் ஏறினேன்.

ஏன் என்று கேளுங்கள். என் பையன் ரகுபதி திருப்பூரில் இருக்கிறான். வந்தவன், மொட்டை மாடித் தொட்டிக்குத் தானாக நிற்கிற மோட்டார் போட்டுவிட்டுப் போய்விட்டான். தொட்டி நிறைந்தால் தானே நிற்குமாம். எங்கள் மாடிக்குப் படிக்கட்டு கிடையாது. நிறைந்தபோது நின்றதா, நின்றபோது நிறைந்ததா என்று யார் பார்த்தது? முப்பத்தோரு வருஷம் ஒரு ஊருக்கே மட்டம் பார்த்தவன், சொந்த வீட்டுத் தொட்டியை நம்பிக்கையின் பேரில் விட முடியுமா?

வெள்ளிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு அவள் கோவிலுக்குப் போவாள். ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். மாதத்தில் இரண்டு வெள்ளி, ஐந்து மணிக்கு நான் ஏறுவேன். குச்சியை விட்டு மட்டம் பார்ப்பேன். சீட்டில் குறிப்பேன். ஐந்து இருபதுக்கு இறங்குவேன். பதினோரு மாதம். இருபத்திரண்டு ஏற்றம். சீட்டு பாக்கெட்டில்தான் இருக்கிறது. தலையை எடுக்க முடிந்தால் காட்டுவேன்.

சத்தியம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கால் வைக்க மாட்டேன் என்பதுதானே சத்தியம். நான் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறினேன். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. ஜோடி கிடைக்கவில்லை. படியில் பட்டது சாக்ஸ்தான், கால் இல்லை. இதை ரொம்ப நாள் யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

இது மூன்றாவது ஸ்டாப்பா? ஆமாம். இரண்டாவதில் யாரும் கை காட்டவில்லை, பஸ் நிற்கவில்லை. ஆனாலும் அதை எண்ண வேண்டும்.

இந்தப் பதினோரு மாதமும் தையல்நாயகி என்னிடம் காட்டிய அன்பை நினைத்தால்தான் குற்ற உணர்ச்சி. முதல் தடவை மாட்டுக்கொட்டகைப் பூட்டுக்குச் சாவி தேட எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஏணியை அங்கேதான் பூட்டி வைத்திருந்தாள். மூன்றாவது தடவையிலிருந்து சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. பாவம், மறதி வந்துவிட்டது என்று வல்லாரைக் கீரை நாலு கட்டு வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு?" என்றாள். "உடம்புக்கு நல்லது" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நாலு கட்டையும் துவையல் அரைத்து எனக்கே போட்டுவிட்டாள்.

அப்புறம் சட்டை. வெள்ளிக்கிழமையானால் "அந்த நீலச் சட்டையப் போட்டுக்குங்க, வெள்ளைச் சட்டை வேண்டாம்" என்பாள். எங்கள் சுவர் வெள்ளை. சுவருக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சும்மா சொன்னேன். வெள்ளிக்கிழமை புருஷன் நல்ல சட்டை போட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கொடியில் காய்கிற துணியையும் அன்று நாலு மணிக்கே எடுத்துவிடுவாள். மற்ற நாளில் ஆறு மணி வரை கிடக்கும். வெள்ளிக்கிழமை வீடு லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

ஒரு நாள் கேட்டாள், "சாயங்கால வெயிலு எப்பங்க நல்லா இருக்கும்?" நான் தொட்டி உச்சியில் நின்று முப்பத்தோரு வருஷம் பார்த்தவன். "ஐந்து பத்து" என்றேன். "அப்ப அஞ்சு பத்துக்கு நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள். "இங்கேதான், நாற்காலியில்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஏணியின் இரண்டு காலிலும் யாரோ சைக்கிள் டயர் துண்டு கட்டியிருந்தார்கள், வழுக்காமல் இருக்க. வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான்தான் கட்டியிருப்பேன், ஞாபகமில்லை. ஒன்பதாவது ஏற்றத்தின்போது, ஏணி வைக்கிற இடத்தில் மணல் மூட்டை ஒன்று அண்டக்கொடுக்க வசதியாகக் கிடந்தது. மழைக்கு அடித்துக்கொண்டு வந்திருக்கும்.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? ஓ, இருமலா. தண்ணீர் குடியுங்கள்.

இனி இன்றைக்கு நடந்தது.

போன வாரம் தையல்நாயகி சொன்னாள், "டவுன்ல கல்யாண மண்டபத்துல ஏணிப் படக் கண்காட்சி போட்டிருக்காங்களாம். உங்களுக்குப் பிடிக்குமே, ஞாயித்துக்கெழமை போலாமா? பாக்கத்தான், தொடக்கூடாது." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குணசீலன் ஹார்டுவேர்ஸ் தெரியுமா, கடைவீதி முனையில்? அவர்கள் புதிதாக அலுமினிய ஏணி விற்கிறார்கள். அதை விளம்பரம் பண்ண ஒரு புகைப்படப் போட்டி. 'ஏணி: வாழ்விலும் இயற்கையிலும்' என்று தலைப்பு. முதல் பரிசு ஏழு படி அலுமினிய ஏணி. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் கிடையாது, எண் மட்டும். நடுவர் முகம் பார்த்து மார்க் போடக்கூடாதாம். எண் மட்டும் போடுகிற எதையும் எனக்குப் பிடிக்கும்.

எங்களோடு எதிர்வீட்டுப் பிலோமினா டீச்சரும் வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திரும்பும்போது மட்டும் அவர் பஸ்ஸில் வரவில்லை, தங்கை மகன் வண்டியில் போய்விட்டார். தையல்நாயகிக்கு அதிலும் இடம் இருந்தது. ஏணிக்குத்தான் இல்லை.

மண்டபத்தில் மொத்தம் முப்பத்தாறு படம். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு நிமிஷம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். வாழ்க்கைப் படங்கள் பரவாயில்லை. வெள்ளையடிக்கிறவர் ஏணி, தேருக்குத் தோரணம் கட்டுகிற ஏணி, சிமெண்டு லாரிக்குப் பின்னால் பற்றவைத்திருக்கிற ஏணி. ஆனால் இயற்கைப் படங்களில் எனக்குச் சம்மதமில்லை. தென்னை மரத்துத் தழும்பை எடுத்து ஏணி என்று போட்டிருந்தார்கள். தென்னைக்கு ஒரு கால்தானே! ஏணிக்கு இரண்டு வேண்டும். மீன் முள் ஒன்று. அதற்கும் நடுவில் ஒரு தண்டுதான். கவிழ்ந்து கிடக்கிற மரவட்டை ஒன்று. படி ஏராளம், ஏறுகிறவன் யார்? தொட்டாற்சிணுங்கி இலையில் எறும்பு ஏறுகிற படம் ஒன்று. அந்த இலை தொட்டால் மூடிக்கொள்ளும். ஏறும்போது மடங்குகிற ஏணியைக் குணசீலன்கூட விற்க மாட்டார். ரயில் தண்டவாளத்தை ஒருவர் படுத்த ஏணி என்று எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் நான் தூங்கும்போது நிற்கிற ஆள்.

ஏணி என்றால் இரண்டு கால், சம இடைவெளியில் படி, உச்சியில் பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று. மூன்றும் வேண்டும்.

மூன்றும் இருந்த ஒரே படம் முப்பத்தொன்றாவது. பெரிதாகச் சட்டம் போட்டு, மற்ற படங்களுக்கெல்லாம் மேலே மாட்டி, 'முதல் பரிசு' என்று ரிப்பன் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் பரிசு ஏணியைச் சாய்த்து, அதற்கும் ரிப்பன்.

வெள்ளைச் சுவர். மாலை வெயில். மூங்கில் ஏணி, அதன் நிழல் சுவரில் இன்னொரு ஏணியாகச் சாய்ந்திருக்கிறது. ஏழாவது படியில் நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு. காலில் சாக்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

படத்தின் பெயர் 'வெள்ளிக்கிழமை விரதம்'.

சார், அந்தப் படத்தின் முன்னால் மட்டும் என் இரண்டு நிமிஷக் கணக்கு தவறிவிட்டது.

எத்தனை ஸ்டாப்? ஐந்து. இன்னும் மூன்று.

நல்ல வேளை, தையல்நாயகி அப்போது மண்டபத்தின் அந்தக் கோடியில் கூல்டிரிங்ஸ் மேஜைப் பக்கம் இருந்தாள். இந்தப் பக்கம் வர எப்படியும் பத்து நிமிஷம். முதலில் யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிழலைப் பார்த்தேன். மணி ஐந்து பத்து. சுற்றுச்சுவருக்கு மேலேயிருந்து எடுத்திருக்கிறார்கள், ஆகவே ஒரு மாடி உயரம். படத்தின் ஓரத்தில் ஜன்னல் கம்பி ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எங்கள் சுவருக்கு எதிரே மாடி உள்ள வீடு ஒன்றுதான், பிலோமினா டீச்சர் வீடு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதானே முக்கியம், வெள்ளிக்கிழமை விரதம் என்று ஏன் பெயர் வைத்தார் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

எனக்கு யாரையும் நேரே கேட்கக் கூச்சம். டீச்சரிடம் போய், "உங்க மாடி ஜன்னலுக்கு எத்தனை கம்பி?" என்றேன்.

"எட்டு. ஏன்?"

"படத்தில் ஒன்று தெரிகிறது."

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "நான் எடுக்கலைங்க. எனக்குக் கை நடுங்கும்."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை உங்கள் மாடிக்கு யார் வருகிறார்கள்?"

"வேற யாரு, உங்க வீட்டம்மாதான். காப்பி குடிக்க வருவாங்க."

பாருங்கள் சார். நான் கேட்டது படம் எடுத்தது யார் என்று. அவர் சொன்னது காப்பி குடித்தது யார் என்று. கணக்கு டீச்சரே இப்படிக் கேள்வியை விட்டு விலகிப் பதில் சொன்னால் பிள்ளைகள் எப்படிப் படித்திருக்கும்? கோவிலுக்குப் போகிற வழியில் இவள் ஒரு வாய் காப்பி குடித்திருப்பாள். நான் அதை மேலே கேட்கவில்லை. நேரம் இல்லை. ஆறு நிமிஷம் போய்விட்டது.

படத்தை மறைக்கலாம் என்று அதன் முன்னால் போய் நின்றேன். அப்போது ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "ஏங்க, படத்துல இருக்கிற முதுகும் இந்தப் பெரியவர் முதுகும் ஒண்ணா இல்ல?" என்றாள். அவர், "முதுகெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வா" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அது உண்மையில்லை. என் இடது தோள் ஒன்றரை விரல் இறங்கியிருக்கும், படத்திலும் இறங்கியிருந்தது. சட்டையும் அதே நீலச் சட்டை. காலையில் தையல்நாயகிதான் அதையே எடுத்துப் போடச் சொன்னாள். உடனே திரும்பி மண்டபத்தைப் பார்த்து நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, படம் என் தலைக்கு இரண்டடி மேலே இருக்கிறது. நான் எப்படி நின்றாலும் மறைக்காது.

ஒரே வழி, படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டுவது. அதற்கு மேலே போக வேண்டும். பக்கத்தில் ஏணி.

யோசித்தேன் சார். யோசிக்காமல் நான் எதுவும் செய்வதில்லை. இன்றைக்குச் செருப்புதான், சாக்ஸ் இல்லை. செருப்போடு ஏறினால் வழுக்கும். ஆனால் சத்தியம் 'நம்ம வீட்டு ஏணி' என்றுதான். இது குணசீலன் ஏணி. இது எங்கள் வீட்டு ஏணியாவதற்கு அப்போது இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது, அது எனக்கு எப்படித் தெரியும்? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஏணியை இரண்டடி நகர்த்தினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கையை நீட்டிச் சட்டத்தைப் பிடித்தேன்.

பின்னால் 'கிளிக்' என்று சத்தம்.

திரும்பினால், போனைப் பிடித்துக்கொண்டு தையல்நாயகி. அவள் பக்கத்தில் டீச்சர். அவர் பக்கத்தில் மைக்கோடு குணசீலன்.

குணசீலன் வியாபாரி இல்லையா, உடனே மைக்கில், "பாருங்க, பாருங்க! எழுபது வயசுப் பெரியவருக்குக்கூட நம்ம ஏணியப் பாத்தா ஏறத் தோணுது!" என்றார். எனக்கு அறுபத்துநாலுதான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சட்டத்தையும் விட முடியாமல் இறங்கவும் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தேன். தையல்நாயகி ஏணியின் கீழ்ப்படியைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் இறங்கிய பிறகுதான் காலை எடுத்தாள்.

அப்புறம் மேடையில் அறிவித்தார்கள். "முதல் பரிசு, எண் முப்பத்தொன்று. படம் எடுத்தவர் திருமதி தையல்நாயகி அய்யாக்கண்ணு, சின்னேரிப்பட்டி."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். சுவரோரமாக நகர்ந்து தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இருநூற்று இருபது நாற்காலி, பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அவள் மேடை ஏறி மைக்கைப் பிடித்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. "எனக்குப் போட்டோல்லாம் தெரியாதுங்க. பையன் வாங்கிக் குடுத்த போன்தான். மொத வெள்ளிக்கெழமை டீச்சர் வீட்டு மாடியில முல்லைப்பூ பறிக்கப் போனேன். திரும்பிப் பாத்தா எங்க வீட்டு ஏணியில ஒருத்தரு ஏறிட்டிருக்காரு. கூப்பிட்டா பயந்து விழுந்துடுவாரேன்னு சத்தம் போடல. பையன்கிட்டக் காட்டி மானத்த வாங்கலாம்னு ஒரு படம் புடிச்சேன். படம் அழகா வந்துடுச்சு."

மண்டபமே சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது. ஏனென்றால், கவனியுங்கள், அவள் 'ஒருத்தரு' என்றுதான் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. படத்தில் முகமும் இல்லை. தூணுக்குப் பின்னால் பேசாமல் நின்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஆனால் அவள் மேலே சொன்னாள், "இப்பிடி இருபத்துமூணு தடவை எடுத்தேன். அதுல இது ஒண்ணு."

"இருபத்திரண்டு!" என்று கத்திவிட்டேன்.

அறுபத்துநாலு வருஷத்தில் நான் பொது இடத்தில் கத்தியது அதுதான். இருநூற்று இருபது நாற்காலியும் தூணைப் பார்த்துத் திரும்பின. தப்பான எண்ணை மைக்கில் சொன்னால் எப்படி சார் விட முடியும்? நாளைக்கு நாலு பேர் அதையே சொல்வார்கள்.

தையல்நாயகி மேடையிலிருந்தபடியே, "இன்னைக்கு ஏறுனதையும் சேத்துங்க" என்றாள்.

இன்றைக்கு ஏறியது மூன்று படி. நாலாவது படியில் இரண்டு காலும் பதிந்தால்தான் அது ஏற்றம். முப்பத்தோரு வருஷமாக என் கணக்கு அப்படித்தான். அதைச் சொல்வதற்குள் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குணசீலன் என்னை மேடைக்குக் கூட்டிப்போய் ஏணியை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். அதுவும் நான் ஏணியோடு இருக்கிற படம்தான், ஆனால் கால் மேடையில் இருந்தது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிறகு தையல்நாயகி என்னிடம் பேசியது நாலே வார்த்தை. "ஏணிய நீங்கதான் தூக்கிட்டு வரணும்." இவ்வளவுதான். டீச்சர் வண்டியில் கூப்பிட்டும் ஏறாமல் பஸ்ஸுக்கு வந்தாள். ஏன் வந்தாள்? அந்த வண்டி ஆலத்திமேட்டு வழியாகப் போகாது, புறவழிச்சாலையில் போய்விடும். இந்தப் பஸ்தான் ஆலத்திமேட்டில் நிற்கும். ஜிப் வைத்த பையைப் பார்த்தீர்களா? காலையில் கிளம்பும்போதே பை கனமாக இருந்தது. நான் தூக்க வருகிறேன் என்றபோது தரவில்லை. கண்காட்சிக்கு யார் சார் ஜிப் பை எடுத்துக்கொண்டு வருவார்கள்? கொடுக்கிற பரிசை வாங்கிக்கொண்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

இந்த இருபத்திரண்டு வெள்ளிக்கிழமையும் நான் மேலே தனியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். தொட்டி மூடியைத் திறந்து குச்சியை விட்டு, மட்டம் சரியாக இருந்தால் ஒரு சின்ன விசில் அடிப்பேன். அதையும் கேட்டிருப்பாள்.

ஏழு தாண்டிவிட்டது. அதோ புளியமரம். அடுத்தது ஆலத்திமேடு.

எழுந்துவிட்டாள் சார். பையை எடுத்துவிட்டாள். சொன்னேன் இல்லையா? படிக்கட்டுப் பக்கம் போகிறாள். நான் போய்த் தடுக்கலாம், ஆனால் தலை வரமாட்டேன் என்கிறது. காது மாட்டுகிறது. உள்ளே போகும்போது சுலபமாகத்தான் போயிற்று. இந்தப் பக்கம் இழுக்காதீர்கள், வலிக்கிறது. நீங்கள் போய்ச் சொல்கிறீர்களா? பெயர் தையல்நாயகி. சாக்ஸை எரித்துவிடுகிறாராம் என்று சொல்லுங்கள். மோட்டார் தானாகவே நிற்கட்டுமாம் என்று சொல்லுங்கள். அவர் இனிமேல் கீழேயிருந்தே நம்புவாராம் என்று சொல்லுங்கள். சீக்கிரம் சார், பஸ் நின்றுவிட்டது!

இருங்கள். உட்காருங்கள்.

கீழே நிற்கிறது வாலாம்பாள்தான். பையை வாங்கிக்கொள்கிறாள். ஜிப்பைத் திறக்கிறாள். அது என்ன, ஊறுகாய் ஜாடியா? ஜாடிதான். எலுமிச்சை. ஒன்று, இரண்டு. அப்புறம் ஒரு புடவை. அது வாலாம்பாள் புடவைதான், தீபாவளிக்கு இவள் இரவல் வாங்கியது. என்னைத் தேடுகிறாள் பாருங்கள். "எங்கடி ஏணிக்காரரு?" என்கிறாள். இங்கேயிருந்தே கேட்கிறது. பார்த்துவிட்டாள். ஏன் இப்படிச் சிரிக்கிறாள், பல் செட்டு விழுந்துவிடப் போகிறது.

விசில். பஸ் கிளம்பிவிட்டது. தையல்நாயகி பஸ்ஸிலேயே இருக்கிறாள். இருக்கிறாள் சார்!

இந்தப் பக்கம் வருகிறாள். நீங்கள் என்னோடு பேசவில்லை, சரியா? ஜன்னலைப் பாருங்கள்.

"தம்பி, கொஞ்சம் சாஞ்சுக்குங்க. உங்க தோளு மறைக்குது."

உங்களைத்தான் சொல்கிறாள். சாய்ந்துவிடுங்கள். போனை எடுத்துவிட்டாள்.

கிளிக்.

"இருபத்துநாலு" என்கிறாள், கேட்டீர்களா? நீங்கள் சாட்சி சார். என் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. ஏணிதான் என் மேல் ஏறியிருக்கிறது, நான் ஏணி மேல் இல்லை. இதை எப்படி எண்ணுவது?

உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், அவள் உட்காரட்டும். கீழ்ப்படியில் காலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். எதற்கென்று தெரியவில்லை. இங்கே யாரும் ஏறப்போவதில்லையே.

பேனா இருந்தால் கொடுங்கள். அப்படியே என் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டையும் எடுத்துக்கொடுங்கள், கை எட்டவில்லை. இருபத்துமூன்று என்று திருத்திவிடுகிறேன். மூன்று படிதான், ஏற்றமே இல்லை. இருந்தாலும் எழுதிக்கொள்கிறேன்.

இருபத்துநாலை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.